முப்பத்தொண்ணாம் பக்கத்துப் புள்ளி

"இது புத்தகமா, பஸ் ஸ்டாண்டு சுவரா?"

இந்தக் கேள்வியை ரப்பரக்கா இருபத்தாறு வருஷமா கேட்டாங்க. நூலகத்துக்குத் திரும்பி வர்ற ஒவ்வொரு புத்தகத்தையும் கவுன்ட்டர்ல வெச்சு, கட்டைவிரலால சீட்டுக்கட்டு மாதிரி விர்ருனு ஓட்டுவாங்க. நடுவுல எங்கயாவது பென்சில் தெரிஞ்சுதா, தீந்துது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும். குரல் அடித்தொண்டைக்கு இறங்கும். "இது புத்தகமா..."ன்னு அவங்க ஆரம்பிச்சாப் போதும், வரிசையில நிக்குறவங்க எல்லாரும் மிச்சத்தை மனசுக்குள்ள முடிச்சுக்குவாங்க.

கவுன்ட்டர் டிராயர்ல ஒரு பவுடர் டப்பா இருக்கும். அதுல மூணு ரப்பர். கெட்டியா ஒண்ணு, அழுத்திக் கிறுக்கினவனுக்கு. வெள்ளையா ஒண்ணு, மெல்லிசான தாளுக்கு. மூணாவது, யானைத் தோல் மாதிரி சாம்பல் கலர்ல ஒரு துண்டு. அது ரொம்ப மோசமான கேஸுக்கு மட்டும் வெளிய வரும். தேய்ச்சு முடிச்சதும் "ஃபூ"ன்னு ஒரு ஊது. அந்த ஊதுல எதிர்ல நிக்குறவங்க சட்டையில துகள் விழும். அதுதான் தண்டனை.

கிறுக்குறவங்கள்ல அக்காவுக்குத் தெரியாத ரகமே கிடையாது. வரிக்கு வரி கோடு போடுற காலேஜ் பசங்க. ஓரத்துல "உண்மை, உண்மை"ன்னு எழுதி வெக்குற ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். துப்பறியும் கதைன்னா முதல் பக்கத்துலயே "கொலைகாரன் டாக்டர்தான்"னு எழுதிட்டு, பூனை மாதிரி வந்து திருப்பிக் குடுக்குற மருந்துக் கடைக்காரர்.

"ஏங்க, இப்படி எழுதி வெச்சா அடுத்தவங்க எப்படிங்க படிப்பாங்க?"

"நான் படிச்சு ஏமாந்தேம்மா. நானூறு பக்கம். அவங்களாவது பிழைக்கட்டும்."

"நல்ல மனசு. உங்க கடை மாத்திரை அட்டை மேலயும் 'இது வேலை செய்யாது'ன்னு எழுதிக் குடுங்களேன். நாங்களும் பிழைச்சுக்குறோம்."

இவ்வளவு வாய் பேசினாலும் அக்கா இல்லாட்டி அந்த நூலகம் ஒரு மணி நேரம் ஓடாது. காலையில கதவு திறந்ததும் பேப்பர் மேஜைச் சண்டை. ரெண்டு பெரியவங்க, ஒரே பேப்பர். "நடுப்பக்கத்தை மட்டும் இப்படித் தள்ளுங்களேன்"னு ஒருத்தர் இழுப்பாரு. "இருங்க, இன்னும் வாசகர் கடிதத்துக்கே வரலை"ன்னு இன்னொருத்தர் முழங்கையை ஊன்றுவாரு. அக்கா போய்ப் பேப்பரைத் தாள் தாளாப் பிரிச்சு ஆளுக்குப் பாதி குடுத்துட்டு வருவாங்க. அப்புறம் ஃபார்ம் நிரப்பத் தெரியாம வர்றவங்களுக்கு எழுதிக் குடுக்கணும். கம்ப்யூட்டர் அறையில வேலைக்கு மனு போடுறவங்களுக்கு "அம்புக்குறியை மேல கொண்டு போங்க, மேலன்னா கூரையை இல்ல"ன்னு சொல்லித் தரணும். சனிக்கிழமை மாடியில பிள்ளைங்களுக்குக் கதை நேரம். வியாழக்கிழமை, நடக்க முடியாத ஒம்போது வீட்டுக்குப் பையில புத்தகம் போட்டு வேன்ல அனுப்பணும். யாருக்குப் பெரிய எழுத்து, யாருக்கு அழுகைக் கதை, யாருக்குப் பேய் ஆகாது, எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு விஷயம். அக்கா எந்தக் கதையையும் படிச்சதில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா புத்தகத்தோடவே இருக்க, எனக்கு ஒரு கதை சொல்லேன்"னு சீண்டுவாரு.

"நீங்க நாள் பூரா லிஃப்டோடவே இருக்கீங்க. எந்த மாடியிலயாவது இறங்கி யாரு வீட்டுலயாவது காபி குடிச்சீங்களா? நம்ம வேலை அது ஏறி இறங்குற வரைக்கும்தான்."

இப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு ஜென்ம எதிரி இருந்தான். அதாவது, இருக்கான்னு அக்கா நம்பினாங்க.

நாவல்கள்ல, முப்பத்தொண்ணாம் பக்கத்துல, பக்க எண்ணுக்குக் கீழ, ஒரு பென்சில் புள்ளி. கடுகுல பாதிதான் இருக்கும். விரலால ஓட்டுற வேகத்துல கண்ணுக்குச் சிக்காது. பத்துப் புத்தகம் தப்பிச்சா ஒண்ணு மாட்டும். முதல் தடவை பார்த்தப்போ அச்சுப் பிழைன்னு விட்டுட்டாங்க. இன்னொரு புத்தகத்துல பார்த்தப்போ நிமிர்ந்து உக்காந்தாங்க. அப்புறம் பதினஞ்சு வருஷம் துரத்தல்தான்.

"கோடு போடுறவனைக்கூட மன்னிச்சுருவேன் மேடம்"னு நூலகர் மேடம்கிட்டப் பொருமுவாங்க. "அவன் தைரியமாக் கிறுக்குறான். இவன் ஒளிஞ்சு வெக்குறான். வெச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குறான்."

"ஒரு புள்ளிதானேம்மா."

"ஒவ்வொண்ணும் ஒரு புள்ளிதான் மேடம். அம்மைகூட அப்படித்தான் ஆரம்பிக்கும்."

நாலு வருஷத்துக்கு முன்ன, பெயிண்ட் அடிக்கவும் புது ரேக் போடவும் நூலகத்தைப் பதினாறு நாள் மூடினாங்க. புத்தகம் எல்லாம் தரையில மூட்டை மூட்டையாக் கிடந்துது. மத்தவங்க தூசியில தும்மிக்கிட்டு இருந்தப்போ, அக்கா ஒரு முக்காலியைப் போட்டு நாவல் குவியலுக்கு நடுவுல உக்காந்தாங்க. எடு, முப்பத்தொண்ணாம் பக்கத்தைப் பிரி, பாரு, தேய், ஃபூ. அடுத்தது. அந்த நூலகத்துல நாவல்னா எல்லாமே ஒரே செங்கல் கலர் பைண்டிங்தான். முதுகுல பேரு மங்கிப் போயிருக்கும். என்ன புத்தகம்னு அக்கா பார்க்கவும் இல்லை.

"ரேக்குல அடுக்கவே ஆள் பத்தலை, நீங்க என்னம்மா பண்றீங்க?"ன்னாங்க மேடம்.

"களை எடுக்குறேன் மேடம்."

பதினாறு நாள். முந்நூத்தி எட்டுப் புள்ளி. கடைசிப் புள்ளியை அழிச்சுட்டு, சாம்பல் ரப்பரைத் துடைச்சு டப்பாவுல வெச்சப்போ, அக்கா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். மண்டபம் கட்டி முடிச்ச கொத்தனார்கூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டாரு.

திறந்த முதல் புதன்கிழமை டெய்லர் வந்தாரு.

பின்தெரு டெய்லர். எழுபது வயசுக்காரர். கழுத்துல அளவு டேப்பைக் கழட்டாமலே வெளிய போறவரு. அப்போ மூணு வருஷமாத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு. புதனுக்குப் புதன் ஒரு நாவல் எடுப்பாரு, அடுத்த புதன் கொண்டு வந்து வெப்பாரு. ஒரு மடிப்பு கிடையாது, ஒரு கறை கிடையாது. அக்கா கணக்குல அவரு உத்தமர்.

அன்னிக்கு அவரு ரேக் முன்னால நின்னு ஒரு புத்தகத்தை எடுத்தாரு, பிரிச்சாரு, வெச்சாரு. அடுத்ததை எடுத்தாரு, பிரிச்சாரு, வெச்சாரு. அரை மணி நேரம் இப்படியே. எல்லாத்தையும் ஒரே இடத்துலதான் பிரிக்குறாருன்னு அக்கா கவுன்ட்டர்லேருந்தே கண்டுபிடிச்சுட்டாங்க. 'அடப்பாவி, உத்தமரே, நீதானா அது?'ன்னு உள்ளுக்குள்ள ஒரு துள்ளல். எழுந்து போய்ப் பிடிக்குறதுக்குள்ள அவரே கவுன்ட்டருக்கு வந்துட்டாரு.

"அம்மா, புள்ளியெல்லாம் எங்கம்மா போச்சு?"

திருடன் போலீஸ்கிட்ட வந்து நகையைக் காணோம்னு கேட்டா எப்படி இருக்கும்? அக்காவுக்கு அப்படி இருந்துது. "எந்தப் புள்ளி?"ன்னாங்க, தெரியாத மாதிரி.

"என் சம்சாரம் வெச்ச புள்ளி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீலக் குடை எடுத்துட்டு வருவா, புதன்கிழமை. போயி நாலு வருஷம் ஆச்சு."

நீலக் குடை. அக்காவுக்கு நல்லா ஞாபகம் இருந்துது. கோடு போடாத, மடிக்காத, "பொடி எழுத்தா இருக்கே, பெரிய எழுத்துல இல்லையா"ன்னு தன்மையாக் கேக்குற அம்மா. பதினஞ்சு வருஷம் தேடின எதிரி, வாரா வாரம் அக்கா முன்னாலதான் வரிசையில நின்னிருக்காங்க.

"எல்லாம் ஒரே கலர் அட்டை"ன்னு டெய்லர் சொன்னாரு. "படிச்சதையே திரும்ப எடுத்துட்டு வந்துருவா. நான் சிரிப்பேன். அதுக்காக, படிச்சு முடிச்சா எங்க கதவு நம்பர்ல ஒரு புள்ளி வெச்சுருவா. எங்க கதவு நம்பர் முப்பத்தொண்ணு. நான் மிஷின் ஓட்டிக்கிட்டே இருப்பேன், அவ பக்கத்துல உக்காந்து பித்தான் தெச்சுக்கிட்டே படிச்ச கதையைச் சொல்லுவா. எல்லாம் சொல்லிட்டுக் கடைசியை மட்டும் சொல்ல மாட்டா. 'முடிவு வேணும்னா நீங்களே போய்ப் படிங்க'ம்பா. அப்படியாவது நான் புத்தகத்தைத் தொடுவேன்னு அவளுக்கு ஒரு ஆசை. நான் அப்புறம் பாத்துக்கலாம்னே இருந்துட்டேம்மா. அவ போனப்புறம் அவ உறுப்பினர் அட்டையை எடுத்துட்டு வந்தேன். எனக்குக் கதைதான் தெரியும், பேரு தெரியாது. புள்ளியை வெச்சுத்தான் எடுப்பேன். இதுவரைக்கும் நூத்தி இருபது முடிவு தெரிஞ்சுக்கிட்டேன். ரயில்வே கேட்டு மூடுறவன் கதை ஒண்ணு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள். அது இன்னும் கிடைக்கலை."

சொல்லிட்டு ஒரு தடவை ரேக்கைத் திரும்பிப் பார்த்தாரு. "யாரும்மா அழிச்சிருப்பாங்க?"

அக்கா கை தானாப் போய் டிராயரை மூடுச்சு.

"பெயிண்ட் வேலைக்கு வந்தவங்க தூசி தட்டினாங்க. அதுல போயிருக்கும் ஐயா."

"முப்பத்தொண்ணாம் பக்கத்தை மட்டும் பிரிச்சுத் தட்டினாங்களா?"

"யாரு என்ன பண்றாங்கன்னு இந்தக் காலத்துல என்னத்தைச் சொல்ல."

அவரு நம்பிட்டாரு. நம்பாம நாலு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே உண்மை வெளிய வந்திருக்கும். தலையை ஆட்டிக்கிட்டே, வெறுங்கையோட போனாரு.

அந்தம்மா எது எது எடுத்தாங்கன்னு பார்க்கக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லை. கம்ப்யூட்டர் வந்ததே அவங்க போனப்புறம்தான். அதுக்கு முந்தின பதிவு அட்டையெல்லாம் பழைய பேப்பருக்குப் போயாச்சு. மூட்டை கட்டிப் போட்டதும் அக்காதான்.

ரெண்டு வாரம் புதன்கிழமை வந்து ரேக்கைப் பார்த்துட்டு வெறுமனே போனாரு டெய்லர். மூணாவது வாரம் வர மாட்டாரோன்னு அக்காவுக்குப் பயம் வந்துருச்சு. அதுக்கு முதல் நாள், மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னால, ஆள் இல்லாத நேரமாப் பார்த்து ரேக் பக்கம் போனாங்க. கையில பென்சில். இருபத்திரெண்டு வருஷத்துல நூலகப் புத்தகத்துல அக்கா பென்சில் வெச்சது அதுதான் முதல் தடவை. நல்லாத் தேஞ்ச அட்டையா, தேதி முத்திரை நிறைய விழுந்த புத்தகமாப் பார்த்து எடுத்தாங்க. பன்னெண்டு. முப்பத்தொண்ணாம் பக்கம், எண்ணுக்குக் கீழ, கடுகுல பாதி. ஒவ்வொரு புள்ளிக்கும் யாராவது பார்க்குறாங்களான்னு ஒரு திரும்பல்.

"பன்னெண்டு தப்பிச்சிருக்கும்மா"ன்னு மறுநாள் டெய்லர் வந்து நின்னாரு. எழுபது வயசு மூஞ்சியில பரீட்சை பாஸான பையன் சிரிப்பு. அக்காவும் சிரிச்சாங்க. சரி, பொய்தான். நல்லதுக்குச் சொன்ன பொய்னு மனசைத் தட்டித் தூங்க வெச்சாங்க.

முதல் புத்தகம் திரும்பி வந்துது. "இந்தக் கதையை அவ எனக்குச் சொன்னதில்லையே"ன்னாரு.

"மறந்திருப்பீங்க ஐயா."

ரெண்டாவது வந்துது. "இதையும் சொல்லலை." இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

மூணாவது புத்தகத்தை அவரு ஒரு வாரம் கழிச்சுக் கொண்டு வரலை. ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டு வந்தாரு. கவுன்ட்டர்ல வெச்சுட்டு, அதுமேல கையை வெச்சபடியே நின்னாரு.

"இதுல ஒரு கடிகார ரிப்பேர்க்காரன் வர்றான்மா. முப்பது வருஷம் தலை நிமிராம வேலை பார்க்குறான். சம்சாரம் பேசிக்கிட்டே இருக்கா, இவன் ம், ம்னு கேட்டுக்குறான். ஒருநாள் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுறா. டீ வரலையேன்னு பார்த்தப்போதான் இவனுக்குத் தெரியுது, அவ இல்லைன்னு. எல்லாக் கதையையும் சொன்னவ, இதை மட்டும் ஏன் என்கிட்ட மறைச்சான்னு இப்ப புரியுது. படிச்சுட்டு உள்ளயே வெச்சுக்கிட்டா. நானும் தலை நிமிரலைதான்மா. மிஷின்லேருந்து கண்ணை எடுத்தா ஊசி விரல்ல ஏறிடும். அதை அவகிட்டச் சொல்லியிருக்கணும்."

ஃபார்ம் நிரப்ப ஒருத்தர் பின்னால நின்னுக்கிட்டு இருந்தாரு. அக்கா அவரைப் பேப்பர் மேஜைக்குப் போய் உக்காரச் சொன்னாங்க. அப்புறம் டிராயரைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்து வெளிய வெச்சாங்க.

"ஐயா, அந்தப் புள்ளி நான் வெச்சது."

அவருக்குப் புரியலை.

"பன்னெண்டும் நான் வெச்சது. நீங்க வராமப் போயிடுவீங்களோன்னு வெச்சேன். இந்தக் கதையெல்லாம் என்னன்னுகூட எனக்குத் தெரியாது."

டெய்லர் டப்பாவைப் பார்த்தாரு. மூணு ரப்பரையும் பார்த்தாரு. "அப்போ அழிச்சது?"

"அதுவும் நான்தான்."

டெய்லர் புத்தகத்துமேல இருந்த கையை எடுத்தாரு.

"அப்படின்னா இந்தக் கடிகாரக் கதையை அவ படிக்கலை. அப்படித்தானேம்மா?" குரல்ல ஒரு கெஞ்சல்.

ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அந்த மனுஷன் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பாரு. ஆனா அக்கா அன்னிக்குப் பொய்யை எல்லாம் கொட்டிக் கவுத்துட்டுத்தான் உக்காந்திருந்தாங்க. "தெரியலைங்கய்யா. அழிக்கும்போது எந்தப் புத்தகம்னு நான் பார்க்கலை. இதுலயும் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

டெய்லர் கழுத்து டேப்பை எடுத்து விரல்ல சுத்தினாரு. பிரிச்சாரு. மறுபடி சுத்தினாரு.

"படிச்சான்னு தெரிஞ்சா உக்காந்து அழலாம். படிக்கலைன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வேலையைப் பார்க்கலாம். ரெண்டுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டீங்களேம்மா."

"நல்லாத் திட்டிட்டுப் போங்கய்யா."

"எனக்குத் திட்ட வராதும்மா. வீட்டுல அதெல்லாம் அவதான்."

சம்சாரத்தோட உறுப்பினர் அட்டையைப் புத்தகத்துமேல வெச்சுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எந்தப் புதன்கிழமையும் வரலை.

வியாழக்கிழமைப் பையில ஒரு புத்தகம் போட்டு முப்பத்தொண்ணாம் நம்பருக்கு அனுப்பிப் பார்த்தாங்க அக்கா. பிரிக்காம வந்துது. ஒருநாள் நேராவே போனாங்க. சின்னக் கடை. மிஷினுக்குப் பக்கத்துல ஒரு முக்காலி, அதுமேல பித்தான் டப்பா. டெய்லர் தலையை நிமிர்த்தலை.

"அளவு குடுக்கவா?"

"இல்லங்கய்யா, நான் நூலகத்து..."

"அவசர வேலை இருக்கும்மா."

மிஷின் ஓடுச்சு. அக்கா திரும்பி நடந்தாங்க.

அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டு கேள்வி நின்னுச்சான்னா, இல்லை. நாக்குக்கு ஏறின பழக்கம் எங்க போகும். ஆனா "இது புத்தகமா..."ன்னு ஆரம்பிச்சுட்டு மிச்சத்தை விட்டுருவாங்க. வரிசையில நிக்குறவங்க காத்திருந்து பார்த்துட்டுச் சப்புனு போவாங்க. மருந்துக் கடைக்காரரே ஒருநாள், "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? கொலைகாரன் பேரை ரெண்டு தடவை எழுதியிருக்கேன், ஒண்ணுமே சொல்லலையே"ன்னு கவலைப்பட்டாரு. டப்பா டிராயர்லயே கிடந்துது. அக்கா நாவல் படிக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல அந்தக் கடிகாரக்காரன் கதை. முப்பத்தொண்ணாம் பக்கத்துல நிறுத்தி, தான் வெச்ச புள்ளியைப் பார்த்துட்டு, அழிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு, அப்படியே விட்டுட்டாங்க. வீட்டுக்காரர்கூடக் கேட்டாரு, "என்ன, லிஃப்டை விட்டு மாடியில இறங்கிட்ட போலருக்கு?" அக்கா பதில் சொல்லலை. அது அந்த வீட்டுல நடந்ததே இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சுப் பின்தெருவுல அந்தக் கடை இருந்த இடத்துல செல்போன் உறை விக்குற கடை வந்துது. டெய்லரைப் பையன் வந்து வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம். எந்த ஊருன்னு செல்போன் கடைக்காரருக்குத் தெரியலை.

அக்கா ரிட்டயர் ஆகுறதுக்கு ஒரு வாரம் இருக்கு. வியாழக்கிழமைப் பை போற வீட்டுல ஒண்ணைக் காலி பண்ணினாங்க. கட்டிலுக்கு அடியில கிடந்ததுன்னு வேன் டிரைவர் ஏழு புத்தகத்தைக் கொண்டு வந்து கவுன்ட்டர்ல போட்டாரு. எல்லாம் வருஷக்கணக்கா வராம நின்னது. அதுல ஒண்ணு செங்கல் கலர் பைண்டிங். அக்கா கட்டைவிரல் ஓடலை, நேரா ஒரே இடத்துல பிரிச்சுது. முப்பத்தொண்ணு. எண்ணுக்குக் கீழ, கடுகுல பாதி. ஒரு பக்கமா லேசாச் சாஞ்ச புள்ளி. நூலகத்தை மூடின அந்தப் பதினாறு நாளும் இது கட்டிலுக்கு அடியில பத்திரமா இருந்திருக்கு.

முதல் வரியில ஒருத்தன் ரயில்வே கேட்டை மூடினான்.

அக்கா ரெண்டு நாள்ல படிச்சு முடிச்சாங்க, கவுன்ட்டர்லயே. ஃபார்ம் நிரப்ப வந்தவங்களை "இருங்க, ரயில் போகட்டும்"னு நிக்க வெச்சுட்டுப் படிச்சாங்க. முடிச்சுட்டு, டெய்லர் சம்சாரத்தோட அந்தப் பழைய உறுப்பினர் அட்டையை உள்ள சொருகி, கவுன்ட்டருக்குப் பின்னால தனியா வெச்சாங்க.

கடைசி நாள் சாயங்காலம். பவுடர் டப்பாவைப் புதுசா வந்த கவுன்ட்டர்ப் பொண்ணுகிட்டக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு அக்கா மாதிரியே பேசிக் காட்டி மேடத்தையே சிரிக்க வெக்குறவ. அன்னிக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு, பின்னால இருந்த புத்தகத்தை எடுத்துக் கட்டைவிரலால விர்ருனு ஓட்டினா. ஓட்டினவ ஒரு இடத்துல நின்னா. குரலை அடித்தொண்டைக்கு இறக்கினா.

"இது புத்தகமா, பஸ் ஸ்டாண்டு சுவரா? அக்கா, முப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு புள்ளி. உங்க கண்ணுக்கே தப்பிச்சிருக்கு. ஒரே தேய்ப்பு, போயிரும்." டப்பாவைத் திறந்து வெள்ளை ரப்பரை எடுத்தா. "ஆமா, இதை மட்டும் தனியா வெச்சிருக்கீங்களே, அப்படி என்னக்கா கதை? கடைசியில என்னதான் ஆகுது?"

அக்கா புத்தகத்தை அவ கையிலேருந்து வாங்கி மூடினாங்க.

"ரப்பரை உள்ள வைடி. நான் அழிச்சதே முந்நூத்தி எட்டு இருக்கு, நீ வேற எதுக்கு முந்நூத்தி ஒம்போதாவதுக்கு அலையுற. கழுத்துல அளவு டேப்போட ஒருத்தர் வந்தாலும் வருவாரு, வராமலும் இருப்பாரு. வந்தா இதைக் குடு, இந்தப் புள்ளி நான் வெச்சதில்லைன்னு சொல்லிக் குடு. கடைசியில என்ன ஆகுதுன்னு என்கிட்டக் கேக்காத. முடிவு வேணும்னா நீயே உக்காந்து படி."